கடுகுக்கு ஓர் ஊசி

கடுகு என்று பேர் இருந்தாலும் அது சின்ன நாய் இல்லை. பின்னங்காலில் எழுந்து நின்றால் கனிஷ்காவின் தோளுக்கு வரும். குட்டியாக இருந்தபோது அப்பா அதைச் சட்டைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். அதனால் அந்தப் பேர். அப்போது கனிஷ்கா பிறக்கவே இல்லை. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. கடுகுக்குப் பதினான்கு.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே வரிசையாகக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. அப்பா சின்னராஜ் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தார். அம்மா அம்சவேணி கொழுந்து பறித்தார். தேயிலைக்குள் காட்டெருமை வந்து நின்றால் முதலில் குரைப்பது கடுகுதான். அந்தச் சத்தம் கேட்டதும் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் விலகி மேட்டுக்கு ஏறிவிடுவார்கள்.

இப்போது கடுகு குரைப்பதில்லை.

பத்து நாளாக அது சரியாகச் சாப்பிடவில்லை. கடைசி நான்கு நாளாக எதையுமே தொடவில்லை. தண்ணீர் குடித்தால்கூட வாந்தி எடுத்தது. பின்னங்கால்கள் இரண்டும் நிற்கவில்லை. அப்பா மூன்று நாள் ஜீப்பில் கோத்தகிரிக்குக் கொண்டுபோய் டிரிப் ஏற்றிப் பார்த்தார். மூன்றாம் நாள் கால்நடை டாக்டர் பியாட்ரிஸ் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கடுகின் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன. இனிமேல் எந்த மருந்தாலும் சரியாகாது.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கனிஷ்கா அடுப்படியில் வெந்நீர் எடுத்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"நாளைக்கு மாட்டுக்கெல்லாம் தடுப்பூசி போட டாக்டரம்மா இங்கயே வர்றாங்க. கடுகுக்கும் அந்த ஊசியப் போட்டரலாம். வலியில்லாமப் போயிரும்," என்றார் அப்பா.

"ஏனுங்க, நம்ம கையில சோறு தின்ன சீவனுங்க அது. நாமளே கொல்றதா? பாவமுங்க. தானாப் போறப்போ போகட்டும்."

"தானாப் போறதுக்கு இன்னும் பத்து நாளாச்சுன்னா? அத்தன நாளும் இப்படியே கெடக்கோணுமா?"

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

வெந்நீர் தரையில் சிந்துவதைக் கனிஷ்கா கவனிக்கவே இல்லை. அப்போது தம்பி அஸ்வந்த் குதித்துக்கொண்டு உள்ளே வந்தான். அவனுக்கு ஏழு வயது.

"அக்கா, தெரியுமா? நாளைக்குக் கடுகுக்கு ஊசியாம்! போட்டா வலியே இருக்காதாம். அப்பா சொன்னாங்க!"

கனிஷ்கா அவனையே பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போலாமாக்கா? ஓட வேண்டாம். சும்மா நடக்கட்டும்," என்றான் அவன்.

"போய்ப் படிடா," என்றாள் கனிஷ்கா.

அவள் கடுகின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். டாக்டர் நாளை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அடுத்த எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிடுவார். மறுபடி இந்தப் பக்கம் வருவது அடுத்த சனிக்கிழமைதான். ஜீப்பில் குலுக்கிக்கொண்டு இனி கோத்தகிரிக்குக் கொண்டுபோக முடியாது என்று அப்பாவே சொல்லிவிட்டார். அப்படியென்றால் நாளை மத்தியானம் வரைக்கும் டாக்டர் கண்ணில் கடுகு படாமல் இருந்தால் போதும். முழுதாக ஒரு வாரம் கிடைக்கும். ஒரு வாரத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

"உன்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது," என்று அதன் காதில் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பனிமூட்டம் தரைவரை இறங்கியிருந்தது.

"டாக்டரம்மா பதினொன்றரைக்கு ஊட்டுக்கு வருவாங்க. நான் அதுக்குள்ள லீவு சொல்லிட்டு வந்தர்றேன். தம்பியப் பாத்துக்க கண்ணு," என்று சொல்லிவிட்டு அப்பா ஃபேக்டரிக்குப் போனார். அம்மா கடுகின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கொழுந்து பறிக்கக் கிளம்பினார்.

பத்தரை மணிக்குக் கனிஷ்கா எரு அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைக் கழுவினாள். அதில் இரண்டு சாக்கை மடித்துப் போட்டு, மேலே தன் கம்பளியை விரித்தாள். அக்காவும் தம்பியும் சேர்ந்து கடுகைத் தூக்கினார்கள். இடுப்பில் கை பட்டதும் அது கத்தியது.

"வலிக்குதுக்கா அதுக்கு!"

"கொஞ்ச நேரந்தான். காலப் புடி."

வண்டி தேயிலைக்கு நடுவே இருந்த மேட்டுப் பாதையில் ஏறியது.

"எங்கக்கா போறோம்?"

"மேல, பழைய கொட்டாய்க்கு."

"எதுக்கு?"

"காத்து வாங்க."

"இந்தக் குளுருலயா?" என்று கேட்டான் அஸ்வந்த். கனிஷ்காவின் மூச்சு முழுவதும் வண்டி தள்ளுவதற்கே சரியாக இருந்தது.

சக்கரம் ஒவ்வொரு கல்லில் ஏறி இறங்கும்போதும் கடுகு முனகியது. "கொஞ்சந்தான், கொஞ்சந்தான்" என்று சொல்லிக்கொண்டே தள்ளினாள். எத்தனை முறை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

முன்பு கொழுந்து நிறுக்கப் பயன்பட்ட தகரக் கொட்டகை அது. இப்போது யாரும் அங்கே வருவதில்லை. கடுகைக் கம்பளியோடு தரையில் இறக்கிப் படுக்கவைத்தார்கள். கனிஷ்கா பையிலிருந்து மொறுமொறுப்பான ஒரு வர்க்கி பிஸ்கட்டை எடுத்தாள். கடுகுக்கு வர்க்கி என்றால் உயிர். ஒரு தடவை அம்மாவோடு கொழுந்து பறிக்கும் சாந்தாமணி அக்கா வீட்டிலிருந்து ஒரு பொட்டலத்தையே கவ்விக்கொண்டு ஓடி வந்திருக்கிறது.

வர்க்கியை மூக்கருகே நீட்டினாள். கடுகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"துளியூண்டு தின்னு. துளியூண்டு."

அது கண்ணை மூடிக்கொண்டது.

"அது தின்னாட்டி நான் தின்னுக்கட்டுமாக்கா?" என்று கேட்டான் அஸ்வந்த். கனிஷ்கா கொடுத்துவிட்டாள். அவன் பாதி கடித்துவிட்டு நிறுத்தினான்.

"அக்கா, டாக்டரம்மா கீழதானே வருவாங்க? நாம இங்க இருந்தா கடுகுக்கு எப்படி ஊசி போடுவாங்க?"

கனிஷ்கா வாயைத் திறப்பதற்குள் வெளியே ஏதோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. மனிதர் விடும் மூச்சு இல்லை. துருத்தி ஊதுவது போலப் பெரிய மூச்சு.

வாசலுக்கு நேராகப் பனிமூட்டத்துக்குள் ஒரு பாறை நகர்ந்தது. அதற்குக் கொம்பு இருந்தது.

காட்டெருமை!

தனியாக வந்த ஆண் எருமை. கொட்டகைக்கும் அதற்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. வழியை அடைத்துக்கொண்டு நின்று புல்லைக் கடித்தது. கனிஷ்கா தம்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அசையாத. சத்தம் போடாத," என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

கடுகுக்கும் வாடை தெரிந்துவிட்டது. மூடிக் கிடந்த கண் திறந்தது. காது நிமிர்ந்தது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழப் பார்த்தது. பின்பக்கம் வரவே இல்லை. குரைக்க வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் எழப் பார்த்தது. இந்த முறை இடுப்பு மடங்கித் தரையில் பக்கவாட்டாக விழுந்தது. அப்போது அதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, நீளமான சத்தம். பதினொரு வருடத்தில் கனிஷ்கா அப்படி ஒரு சத்தத்தைக் கடுகிடம் கேட்டதே இல்லை.

எருமை தலையைத் தூக்கிக் கொட்டகையைப் பார்த்தது.

கனிஷ்கா கடுகின் மேல் சாய்ந்து அதை அணைத்துக்கொண்டாள். அதன் உடம்பு முழுவதும் உதறிக்கொண்டிருந்தது. விலா எலும்புகள் அவள் கையில் தட்டின. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எருமை பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு தலையைக் குனிந்து மறுபடியும் புல்லைக் கடித்தது.

"அக்கா," என்று அஸ்வந்த் அவள் காதோடு கிசுகிசுத்தான். "ஊசி போட்டிருந்தா கடுகு இப்ப எந்திரிச்சுக் கொரைச்சிருக்கும்ல?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவனும் நம்பிவிடுவான். கனிஷ்கா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அது நல்லாக்குற ஊசி இல்லடா."

"பொறவு?"

"போட்டா கடுகு தூங்கிரும்."

"தூங்கி எப்ப எந்திரிக்கும்?"

"எந்திரிக்காது." அவள் கடுகின் காதைத் தடவினாள். "செத்துப்போயிரும்."

அஸ்வந்தின் வாய் அழுவதற்குத் திறந்தது. கனிஷ்கா சட்டென்று அதைப் பொத்தினாள். அவன் கண்ணீர் அவள் விரல்மேல் ஓடியது. வெளியே எருமை புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சற்று நேரம் கழித்து அவன் தலையாட்டினான். அவள் கையை எடுத்தாள்.

"அந்த ஊசி வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்களாம்."

"இப்ப வலிக்குதா அதுக்கு?"

"வலிக்குது."

"ரொம்பவா?"

கனிஷ்கா கடுகைப் பார்த்தாள். அதன் வாயோரம் புண்ணாக இருந்தது. கண்கள் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை. "ரொம்ப," என்றாள்.

"நாம ஒளிச்சு வெச்சா வலி போயிருமா?"

"போகாது."

"அப்ப எதுக்குக்கா ஒளிச்சு வெச்சோம்?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததால் கேட்டான். கனிஷ்கா கடுகின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நாம கீழ போகோணும். டாக்டரம்மா கெளம்பறதுக்குள்ள."

தகரத்தின் ஓட்டை வழியாகக் கீழே பார்த்தாள். பனிமூட்டம் விலகிய இடத்தில் மைதானம் தெரிந்தது. ஊசி போட்ட மாடுகளை ஆட்கள் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரின் வெள்ளை ஜீப் அவர்கள் வீட்டுப் பக்கம் நின்றது. வீட்டைச் சுற்றி அப்பா இங்கும் அங்கும் நடப்பதும் தெரிந்தது. தங்களைத்தான் தேடுகிறார்.

"கல்லெடுத்து அடிச்சா எரும ஓடிருமாக்கா?"

"ஓடினாலும் ஓடும். நம்ம மேல வந்தாலும் வரும். வேண்டாம்."

"பின்னாடி தகரம் பிஞ்சிருக்கு பாரு. அதுல பூந்து ஓடிரலாமா?"

"கடுக எப்படிடா கொண்டுபோறது?"

அஸ்வந்த் கடுகைப் பார்த்தான். "சரி, இருக்கலாம்," என்றான்.

இருந்தார்கள். காட்டெருமைக்கு எந்த அவசரமும் இல்லை. ஒரு வாய் புல், ஓர் அடி. மறுபடியும் ஒரு வாய். பன்னிரண்டு மணிக்கு ஃபேக்டரிச் சங்கு ஊதியது. அந்தச் சத்தத்துக்கு எருமை தலையைத் திருப்பியது. கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றது. பிறகு தேயிலைச் செடிகளைத் தாண்டி மேலே காட்டுப் பக்கமாக நடந்து மறைந்தது. கனிஷ்கா ஐம்பது வரை எண்ணினாள். எதுவும் அசையவில்லை.

"தூக்கு!"

கடுகை வண்டியில் ஏற்றி வெளியே வந்தபோது, கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

வேகமாகத் தள்ளினால் கடுகு குலுங்கும். மெதுவாகப் போனால் ஜீப் போய்விடும். பனிமூட்டத்தில் தம்பியைத் தனியாக அனுப்பவும் பயமாக இருந்தது. கனிஷ்கா வண்டியை நிறுத்தினாள். பாதையோரப் பாறைமேல் ஏறி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"டாக்டர் வண்டிய நிறுத்துங்கோவ்!"

அவள் குரல் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் கீழே தேயிலைக்குள் யாரோ ஒருவர் நிமிர்வது தெரிந்தது. சாந்தாமணி அக்கா! அவர் திரும்பிக் கீழே பார்த்துக் கத்தினார். அவருக்கும் கீழே இருந்தவர் அதைக் கேட்டுக் கத்தினார். "வண்டிய நிறுத்துங்கோவ்!" என்ற குரல் ஒருவர் மாற்றி ஒருவராகப் பள்ளம்வரை இறங்கிப்போனது.

வளைவில் திரும்பிய வெள்ளை ஜீப் நின்றது.

அம்மா மூச்சிரைக்க மேட்டில் ஓடிவந்தார். கொழுந்துப் பையைக்கூட முதுகிலிருந்து இறக்கவில்லை.

"எங்கடி போனீங்க ரெண்டு பேரும்? என்ற உசுரே போயிருச்சு! காட்டெரும சுத்துதுன்னு சொல்றாங்க..." சொல்லிக்கொண்டே வந்தவர் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அம்மா, ஊசி போட்டரலாம்மா," என்றாள் கனிஷ்கா.

"நீதான் ஒளிச்சு வெச்சயா?"

"ஆமாம்மா. ஒரு வாரம் இருந்தா நல்லாயிரும்னு நெனச்சேன். ஆனா ஆகாதும்மா. அந்த ஒரு வாரம் எனக்குத்தான் வேணும். கடுகுக்கு வேண்டாம்மா." அவள் அழுதாள்.

அம்மா கொழுந்துப் பையை இறக்கி வைத்தார். குனிந்து கடுகைக் கம்பளியோடு கைகளில் தூக்கிக்கொண்டார். தூக்கியபோது அது முனகியது. அம்மாவின் முகம் சுருங்கியது. வீடுவரை ஒரு குலுக்கல்கூட இல்லாமல், ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்து நடந்தார்.

டாக்டர் பியாட்ரிஸ் வாசலில் காத்திருந்தார். அப்பா ஓடிவந்து பிள்ளைகள் இருவரையும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். திட்டவில்லை. அதற்குக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

டாக்டர் கடுகின் பக்கத்தில் மண்டியிட்டு மறுபடியும் சோதித்துப் பார்த்தார்.

"நேத்தவிட மோசமாத்தான் இருக்கு. ஆனா நான் அவசரப்படுத்தல. நீங்கதான் சொல்லணும்," என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையில் உட்கார்ந்து கடுகின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"போட்டுருங்க டாக்டரம்மா," என்றார் அம்மா.

"பிள்ளைங்க உள்ள போகட்டுமா?" என்று கேட்டார் அப்பா.

"நாங்க இங்கயே இருக்கலாமா?" என்று டாக்டரிடம் கேட்டான் அஸ்வந்த்.

"இருக்கலாம். பயமா இருந்தா எந்திரிச்சு உள்ளயும் போகலாம். ரெண்டும் தப்பில்ல. முதல்ல ஒரு ஊசி போடுவேன். கடுகு நல்லாத் தூங்கிடும். அப்புறம் போடறது அதுக்குத் தெரியவே தெரியாது."

அஸ்வந்த் கடுகின் காதைப் பிடித்துக்கொண்டான். கனிஷ்கா அதன் முன்னங்காலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஊசி ஏறியபோது கடுகு திடுக்கிடவில்லை. சற்று நேரத்தில் அதன் உடம்பில் இருந்த நடுக்கம் குறைந்தது. பிறகு நின்றே போனது. மூச்சு நீளமாக, அமைதியாக வந்தது. இவ்வளவு நாளும் இறுகியிருந்த அதன் முகம் தளர்ந்தது. வெயிலில் படுத்துத் தூங்கும் பழைய கடுகு மாதிரியே இருந்தது.

"கடுகு," என்று கூப்பிட்டாள் கனிஷ்கா. அதன் காது லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

டாக்டர் இரண்டாவது ஊசியைப் போட்டார். மூச்சு மெதுவானது. அப்புறம் வரவில்லை. டாக்டர் கடுகின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டான் அஸ்வந்த்.

"அவ்வளவுதான்."

அப்பாதான் முதலில் அழுதார். அவர் அழுது பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அஸ்வந்த் எழுந்துபோய் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

வீட்டுக்குப் பின்னால் அப்பா குழி வெட்டினார். கனிஷ்கா மண்ணை அள்ளிப் போட்டாள். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நாம செஞ்சது சரிதானா?"

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"தெரியல சாமி. நானும் அதையேதான் கேட்டுட்டு இருக்கேன். ஆனா இன்னிக்குச் சாயங்காலம் அதுக்கு வலிக்கல. அது மட்டும் தெரியும்."

கனிஷ்கா மறுபடியும் மண்ணை அள்ளினாள்.

திங்கட்கிழமை காலை பள்ளி பஸ் வந்தது. டெனின் வழக்கம்போல ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் அஸ்வந்தின் வகுப்பு. இரண்டு நாளாகக் குன்னூரில் மாமா வீட்டில் இருந்ததால் அவனுக்கு எதுவும் தெரியாது.

"எங்கடா கடுகு? இன்னிக்கும் உங்கள பஸ் ஏத்திவிட வரலையா?" என்று கேட்டான்.

தம்பிக்குப் பதிலாகத் தானே ஏதாவது சொல்லலாமா என்று கனிஷ்கா பார்த்தாள். அதற்குள் அஸ்வந்த் டெனின் பக்கத்தில் உட்கார்ந்து பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"கடுகு சனிக்கெழம செத்துப்போச்சு. அதுக்கு ரொம்ப வலிச்சுது. அதான் ஊசி போட்டோம்," என்றான். பிறகு, "நாங்க நாலு பேரும் பக்கத்துலயே இருந்தோம்," என்றான்.

டெனின் தன் ஜன்னல் சீட்டை இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது. டீச்சர் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டான். பஸ் கிளம்பி இரண்டு வளைவு திரும்பியதும் அவன் எழுந்தான்.

"இங்க வந்து உக்காருடா," என்றான்.